பேரு யூதப் பள்ளி, படிக்கறது முஸ்லிம் பிள்ளைங்க: கல்கத்தா ஸ்கூல் ஒண்ணோட கதை

கொல்கத்தா போனா எல்லாரும் பார்க் ஸ்ட்ரீட்டுக்கு சாப்பிடத்தான் போவாங்க, நான் போனது அங்க இருக்கற பழைய வெள்ளக்காரன் கல்லறைத் தோட்டம் பாக்க. வெளிய வந்து டீக்கடை தேடிட்டு நடக்கறேன், ஸ்கூல் விடற நேரம் போல, சின்னப் பொண்ணுங்க கூட்டமா வருதுங்க. வாசல்ல காத்துட்டு நிக்கற அம்மாக்கள்ல முக்கால்வாசிப் பேரு புர்கா போட்டிருக்காங்க, பேசறது உருது. புச்காக்காரர் வண்டிய சுத்தி அஞ்சாறு பொண்ணுங்க, புச்கான்னா நம்ம பானிபூரியோட பெங்காலி அண்ணன், அதுல ஒரு குட்டி வாய்க்குள்ள போடறதுக்குள்ள புளித்தண்ணி யூனிஃபார்ம் மேல வடிஞ்சு கர்ச்சீஃப் வச்சு தேய் தேய்னு தேய்க்குது. அப்பதான் அந்த பேட்ஜ பாத்தேன். ஆறு முனை நட்சத்திரம். தாவீதின் நட்சத்திரம், யூதங்களோட அடையாளம்.

போர்ட பாத்தா ஜூயிஷ் கேர்ள்ஸ் ஸ்கூல்னு போட்டிருக்கு.

இதப் பத்தி கேட்டா உடனே நம்மாளுங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சிடுவாங்க, "ஆஹா மத நல்லிணக்கம்"னு ஒரு க்ரூப் வாட்சப்ல பூ போட்டு ஃபார்வர்ட் பண்ணும், இன்னொரு க்ரூப்பு "பாத்தீங்களா எடத்த புடிச்சிட்டாங்க"ன்னு ஆரம்பிக்கும். ரெண்டுமே சோம்பேறித்தனம். 1881ல ஆரம்பிச்ச ஒரு ஸ்கூல், எந்தக் குழந்தைங்களுக்காக ஆரம்பிச்சாங்களோ அந்தக் குழந்தைங்க ஒருத்தர் கூட இல்லாம இன்னும் ஓடுதுன்னா அது எப்படி நடந்துச்சுன்னு மெதுவா பாக்கணும்ல. நான் பாத்த வரைக்கும் எனக்குத் தோணறது ஒண்ணுதான், அந்த ஸ்கூல் தன்னோட வேலைய ரொம்ப நல்லா செஞ்சதும் அது காலியானதுக்கு ஒரு காரணம். எப்படின்னு சொல்றேன்.

மொதல்ல யாரு இவங்கன்னு தெரியணும். இந்திய யூதர்னா நமக்கு பக்கத்துல இருக்கற கொச்சிதான் ஞாபகம் வரும், மட்டாஞ்சேரி சினகாக், அதாவது யூதக் கோயில், டூர் போயிருப்போம். பாம்பே பக்கம் பெனே இஸ்ரேல்னு மராத்தி பேசற யூதர் இருந்தாங்க, கொங்கண் கிராமங்கள்ல எண்ணெய் ஆட்டற தொழில் பண்ணிட்டு இருந்தவங்க. கல்கத்தாக்காரங்க இந்த ரெண்டும் கிடையாது. பாக்தாதி யூதர்னு பேரு, ஈராக், சிரியா பக்கத்துலேந்து வியாபாரத்துக்கு வந்தவங்க. மொத ஆளு ஷாலோம் கோஹன், அலெப்போக்காரரு, 1792ல சூரத்துக்கு வந்து எறங்கி, 1798ல கல்கத்தா வந்து செட்டில் ஆனாரு, நகை வைர வியாபாரம், பின்னாடி லக்னோ நவாப் அரண்மனைக்கே கல்லு பாத்துக் குடுக்கற அளவுக்குப் போனாரு. அவருக்கு அப்புறம் பாக்தாத்ல தாவூத் பாஷா ஆட்சியில கெடுபிடி அதிகமாகவும் சொந்தக்காரங்க சொந்தக்காரங்களா கெளம்பி வந்தாங்க. பட்டு, அவுரி, அபின். ஆமா அபின்தான், அத மறைச்சு எழுதறதுல அர்த்தமில்ல, சீனாவுக்குப் போன அபின் வியாபாரத்துல பாதி துறைமுகப் பணக்காரங்க சம்பாரிச்ச மாதிரி இவங்களும் சம்பாரிச்சாங்க, அப்புறம் அந்தக் காச நிலத்துல போட்டாங்க. எஸ்ரான்னு ஒரு குடும்பம் மட்டும் கல்கத்தாவுல எவ்ளோ கட்டடம் வச்சிருந்துச்சுன்னா இன்னிக்கும் எஸ்ரா ஸ்ட்ரீட்னு ஒரு தெருவே இருக்கு, லைட்டு ஒயரு ஹோல்சேல்ல வாங்கணும்னா அங்கதான் போகணும். எஸ்பிளனேட் மேன்ஷன்ஸ் அவங்க கட்டுனது. 1884ல எலியாஸ் டேவிட் எஸ்ரா அப்பா நினைவா மாகென் டேவிட் சினகாக் கட்டுனாரு, அதுக்கு உச்சியில கூர் கோபுரம் வச்சு செங்கல் கலர்ல இருக்கறதால உள்ளூர்க்காரங்களுக்கு அது லால் கிர்ஜா, அதாவது செவப்பு சர்ச்சு. நூறு வருஷத்துக்கு மேல சர்ச்சுன்னே சொல்லிட்டு இருக்காங்க.

ஆனா கம்யூனிட்டில எல்லாரும் எஸ்ரா இல்ல. பெரும்பகுதி குமாஸ்தா, சின்னக் கடை, தரகு, தையல், அப்புறம் தர்ம காசுல சாப்பிடறவங்கன்னு ஒரு கூட்டமே இருந்துச்சு. இதுதான் ஸ்கூல் கதைக்கு முக்கியம். பணக்கார வீட்டுப் பொண்ணுங்களுக்கு வீட்டுக்கே டீச்சர் வரும், இல்ல லொரெட்டோ மாதிரி கான்வென்ட் போகும். ஏழை வீட்டுப் பொண்ணுங்க எங்க போகும்? மிஷனரி ஸ்கூலுக்கு, ஏன்னா அங்க ஃபீஸ் கிடையாது, சில எடத்துல துணிமணி கூடக் குடுப்பாங்க. காலைல ஜெபம், பைபிள் பாடம், சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஏசு பாட்டு பாடிட்டு இருந்தா அப்பா அம்மாக்கு எப்படி இருக்கும். மதம் மாத்திடுவாங்களோங்கற பயம் கம்யூனிட்டி பெரியவங்களுக்கு அப்படியே வயித்துல புளியக் கரைச்சுது. அதே காலத்துல நம்ம பக்கமும் இந்தப் பயம் இருந்துச்சு, மெட்ராஸ்ல பச்சையப்பன் மாதிரி இந்து ட்ரஸ்ட் ஸ்கூல்களுக்கு அவ்ளோ ஆதரவு கெடைச்சதுக்கு மிஷனரி பயமும் ஒரு காரணம். கல்கத்தா யூதர் பண்ணதும் அதேதான். 1881ல பொண்ணுங்களுக்குன்னு ஒரு ஸ்கூல், மறு வருஷமே பையன்களுக்கு டால்முட் டோராங்கற மதப் பள்ளி, அது பின்னாடி எலியாஸ் மேயர்னு ஒருத்தர் குடுத்த பணத்துல இலவசப் பள்ளியாகி அவர் பேரையே வாங்கிக்கிச்சு.

கவனிங்க, பொண்ணுங்களுக்கு ஒரு வருஷம் முன்னாடி! 1881ல, அதுவும் பழமையான ஒரு வியாபார சமூகத்துல. பெண் கல்வி மேல திடீர்னு பாசம் பொங்கிடுச்சுன்னு நான் நம்பல, மிஷனரி டீச்சரம்மாங்க பொண்ணுங்களத்தான் ஈசியா புடிக்கறாங்கங்கற கணக்குதான் முன்னாடி தள்ளியிருக்கும். காரணம் எதுவா இருந்தா என்ன, ஸ்கூல் வந்துச்சு. பழைய எடம் பொல்லாக் ஸ்ட்ரீட், பெத் எல் சினகாக் இருக்கற அதே தெரு, வீடு, கோயில், ஸ்கூல், கடை எல்லாமே நடந்து போற தூரத்துல.

இப்ப மொழி விஷயத்துக்கு வரேன், என் வாதமே இதுல தான் இருக்கு. இந்தக் குடும்பங்கள் வீட்டுல பேசினது அரபி. பாக்தாத் யூதரோட அரபி, எழுதறது மட்டும் ஹீப்ரு எழுத்துல. கல்கத்தாவுல அந்த மொழில பத்திரிகையே வந்துச்சு, 1878லேந்து ஒரு பத்து வருஷத்துக்கு மேல 'பேராஹ்'னு ஒரு வாரப் பத்திரிகை, சிங்கப்பூர் ஷாங்காய்னு எங்கெல்லாம் பாக்தாதி யூதர் கடை போட்டாங்களோ அங்க நடக்கற கல்யாணம், கப்பல், விலைவாசின்னு எல்லாச் செய்தியும் போடும். அதாவது ஒரு முழு உலகம் அந்த மொழில ஓடிட்டு இருந்துச்சு. மதத்தக் காப்பாத்த ஆரம்பிச்ச ஸ்கூல் எந்த மொழில பாடம் நடத்துச்சு? இங்கிலீஷ்ல. வேற வழியும் இல்ல, இங்கிலீஷ் இல்லாத ஸ்கூலுக்கு எவன் புள்ளையத் தூக்கிட்டு வருவான், மிஷனரிகிட்டேந்து பசங்கள மீட்கணும்னா மிஷனரி குடுக்கறத நாமளும் குடுக்கணும். பைபிள் பாடத்துக்கு பதிலா ஹீப்ரு, மத்ததெல்லாம் அதே இங்கிலீஷ் பாடம். ரெண்டே தலைமுறை. பாட்டி பாக்தாத் ஸ்டைல் உடுப்போட அரபில திட்டுவா, பேத்தி ஃபிராக் போட்டுட்டு இங்கிலீஷ்ல பதில் சொல்லும். பெங்காலி? வேலைக்காரங்ககிட்ட பேச இந்துஸ்தானி போதும்னு விட்டுட்டாங்க. சுத்தி கோடிக்கணக்குல பேசற மொழி அந்த ஸ்கூல் பொண்ணுங்க நாக்குல சரியா ஒட்டவே இல்ல.

இதோட இன்னொரு விஷயமும் சேந்துச்சு. கம்யூனிட்டி தலைங்க தங்கள ஐரோப்பியரா கணக்குல எடுத்துக்கணும்னு அரசாங்கத்துகிட்ட கேட்டுப் பாத்தாங்க, ஐரோப்பியர் வாக்காளர் பட்டியல்ல சேக்கச் சொல்லி. வெள்ளக்காரன் முடியாதுன்னுட்டான். அவன் பார்வைல இவங்க நேட்டிவ், பெங்காலி பார்வைல இவங்க சாஹிப். திரிசங்கு சொர்க்கம்னு நாம சொல்லுவோமே அதேதான்.

நடுவுல ஒரு கதை, இத சொல்லாம தாண்ட மனசு வரல. ரெஜினா குஹா. அப்பா பெங்காலி வக்கீல் பியாரி மோகன் குஹா, அம்மா பாக்தாதி யூதர் குடும்பம். எம்.ஏ படிச்சு சட்டமும் படிச்சு 1916ல அலிப்பூர் கோர்ட்ல ப்ளீடரா பதிவு பண்ண மனு போட்டாங்க. ஒரு பொம்பள வக்கீலாகலாமாங்கற கேள்வி கல்கத்தா ஹைகோர்ட்ல அஞ்சு நீதிபதி பெஞ்சு முன்னாடி போச்சு. அவங்களுக்காக வாதாடினது யாரு தெரியுமா, எர்ட்லி நார்ட்டன், நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்ல கொடி கட்டிப் பறந்து அப்புறம் கல்கத்தா போன அதே நார்ட்டன் துரை. சட்டத்துல "பெண்கள் கூடாது"ன்னு எங்கயும் எழுதலையேங்கறதுதான் பாயின்ட். ஆம்பளைய குறிக்கற சொல்லு பொம்பளையையும் சேத்துத்தான் குறிக்கும்னு பொதுச் சட்டமே சொல்லுது. ஆனா இந்தச் சட்டத்த எழுதுனவங்க மனசுல ஆம்பளைங்கதான் இருந்தாங்கன்னு சொல்லி மனுவ தள்ளிட்டாங்க. கோர்ட் வாசல் மூடுன அந்தப் பொண்ணு எங்க போச்சுன்னா இந்த ஜூயிஷ் கேர்ள்ஸ் ஸ்கூலுக்கு, தலைமையாசிரியையா. ஸ்கூலுக்கு யூதர் ஒருத்தரே தலைமையா வந்தது அப்பதான் மொத தடவை, அதுவும் அப்பா பெங்காலியா இருக்கற ஒரு யூதப் பொண்ணு. பாவம், 1919லயே செத்துப் போயிட்டாங்க. பொண்ணுங்க வக்கீலாகலாம்னு சட்டம் வந்தது 1923. கல்கத்தா யூனிவர்சிட்டில அவங்க பேர்ல எம்.ஏ இங்கிலீஷுக்கு ஒரு மெடல் வச்சிருக்காங்க.

அவங்க தங்கச்சி ஹன்னா சென் வேற ரூட்டு. டெல்லில 1932ல லேடி இர்வின் காலேஜ் ஆரம்பிச்சப்ப மொத டைரக்டர் அவங்கதான், சுதந்திரத்துக்கு அப்புறம் ராஜ்ய சபா மெம்பர். இந்த ஸ்கூல்ல படிச்சு அந்த லேடி இர்வினுக்கே படிக்கப் போன இன்னொருத்தர் ஃப்ளவர் சில்லிமன், கல்கத்தா யூத சமையல் பத்தி எங்க பேச்சு வந்தாலும் அவங்க பேரு வரும், ஜெருசலேம்ல இந்தியன் ஹோட்டல் நடத்தினவங்க. ஆலு மக்கல்லாங்கற உருளைக்கெழங்கு பதார்த்தம் கேள்விப்பட்டிருக்கீங்களா, முழுக் கெழங்க எண்ணெய்ல மெல்ல மெல்ல மணிக்கணக்குல பொரிச்சா மேல ஓடு மாதிரி ஆகும், ஃபோர்க்க குத்தினா கெழங்கு துள்ளிப் பக்கத்து ஆள் மடியில போய் விழுமாம். பேர்ல பாதி இந்தி, பாதி அரபி. அந்த சமூகத்தையே ஒரு தட்டுல வச்சா இப்பிடித்தான் இருக்கும்.

சரி ஸ்கூலுக்கு வருவோம். 30கள், 40கள்ல ரமா லட்டின்னு ஒரு பிரின்சிபல், மிஸ் லட்டின்னா ஒரு பயம் கலந்த மரியாதை, பல வருஷம் இருந்தாங்க. ஸ்கூலுக்கு அதுதான் பொற்காலம்னு சொல்லலாம், கூட்டமும் அப்பதான் உச்சம். 1942ல ஜப்பான் பர்மாவ புடிச்சதும் ரங்கூன் யூதர் குடும்பங்கள் கல்கத்தாவுக்கு ஓடி வந்துச்சு, கப்பல்லயும் காட்டு வழியாவும். அதே வழியில அதே வருஷம் நடந்து வந்து வழியிலயே செத்தவங்கள்ல நம்ம தமிழங்க எவ்ளோ பேருன்னு பர்மா திரும்பின குடும்பங்கள்ல கேட்டா சொல்லுவாங்க. கல்கத்தா யூதர் எண்ணிக்கை 5,000ஐ ஒட்டிப் போனது அந்த யுத்த காலத்துலதான்.

அங்கேந்து பெரும்பகுதி காலியாகறதுக்கு இருபது வருஷம் தேவைப்படல.

1946 ஆகஸ்ட்ல கல்கத்தாவுல நடந்த படுகொலை, அதுல யூதர் குறி கிடையாது, ஆனா மாடியிலேந்து தெருவுல பொணத்தப் பாத்துட்டு எவன் நிம்மதியா தூங்குவான். மறு வருஷம் வெள்ளக்காரன் கெளம்பறான், 1948ல இஸ்ரேல் பொறக்குது, இங்க இறக்குமதிக் கட்டுப்பாடு, அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுன்னு வந்து ஏற்றுமதி இறக்குமதிலயே காலம் ஓட்டின குடும்பங்களுக்கு தொழில் ஆட்டம் காணுது. யாரும் தொரத்தல, இத அவங்களே திரும்பத் திரும்ப சொல்லுவாங்க, இந்தியாவுல யூதன்னு யாரும் எங்கள அடிச்சதில்லன்னு. தொரத்தாமலே போனாங்க. ஏழைங்க நெறைய பேரு இஸ்ரேலுக்கு, கொஞ்சம் வசதி இருக்கறவங்க லண்டனுக்கு, அப்புறம் ஆஸ்திரேலியா, அமெரிக்கா. ஒரு வீடு கெளம்பினா பக்கத்து வீட்டுக்கு கை கால் ஓடாது, பையனுக்கு பொண்ணு கெடைக்காது, பிரார்த்தனைக்கு பத்து ஆம்பளை வேணும்னு அவங்க வழக்கம், அது சேராது, அப்ப இவனும் டிக்கெட் எடுப்பான்.

இங்கதான் நான் மொதல்ல சொன்னது. லண்டன்ல போய் எறங்கின மறுநாளே டைப்பிஸ்ட் வேலைக்கும் டீச்சர் வேலைக்கும் போற அளவுக்கு இந்தப் பொண்ணுங்க தயாரா இருந்தாங்கன்னா அவங்கள யாரு தயார் பண்ணது? பிரிட்டிஷ் பாடத்திட்டம், பிரிட்டிஷ் கவிதை, பிரிட்டிஷ் உச்சரிப்பு, பெங்காலி சரியா வராது, அரபி மறந்து போச்சு. பொண்ணு மதம் மாறாம இருக்கணும்னு கட்டுன ஸ்கூல் அந்த வேலைய கச்சிதமா முடிச்சுது, கம்யூனிட்டி கிறிஸ்தவமா மாறிடல. ஆனா அதுக்காகக் குடுத்த இங்கிலீஷ் இருக்கே, அது அவங்கள கல்கத்தாவோட கட்டிப் போடற கயித்த ஒவ்வொரு இழையா அறுத்துடுச்சு. இத குத்தமா சொல்லல. நம்ம வீட்டுலயும் நடக்கறதுதானே, மெட்ரிகுலேஷன்ல சேத்து, கோச்சிங் குடுத்து, கடைசில டல்லாஸ்ல இருக்கற புள்ளைகிட்ட வீடியோ கால்ல "எப்படா வருவ"ன்னு கேக்கறோம். யூதர் கம்யூனிட்டி சின்னது, அதனால தொட்டி சீக்கிரம் காலியாச்சு, அவ்ளோதான் வித்தியாசம்.

இந்த வாதத்துல ஓட்டை இருக்குன்னு தெரியும். பாம்பேல பெனே இஸ்ரேல் யூதர் மராத்தி பேசினவங்க, மண்ணோட ஒட்டினவங்க, அவங்களும்தான் 1948க்கு அப்புறம் ஆயிரக்கணக்குல இஸ்ரேல் போனாங்க. ஆக மொழி மட்டும் காரணம்னு சாதிக்க முடியாது. ஆனா அங்க இன்னும் சில ஆயிரம் பேர் இருக்காங்க, இங்க மொத்தமே இருவது சொச்சம். அந்த இடைவெளில பள்ளிக்கூடத்துக்கு ஒரு பங்கு இருக்குன்னுதான் எனக்குப் படுது.

50கள்ல க்ளாஸ்ல பெஞ்சு காலியாகிட்டே வருது. அப்ப ஸ்கூல நடத்தற யூதர் ட்ரஸ்ட்டுக்கு முன்னாடி இருந்தது ரெண்டே வழி, இழுத்துப் பூட்டறது, இல்ல கதவத் தொறந்து விடறது. ஸ்கூல் பார்க் ஸ்ட்ரீட்டுக்கும் வந்தாச்சு. வெளியாளுக்கு அட்மிஷன் குடுக்க ஆரம்பிச்சாங்க. மொதல்ல எல்லாச் சமூகத்துலேந்தும் கொஞ்சம் கொஞ்சம், அப்புறம் போகப் போக முஸ்லிம் பொண்ணுங்க பெரும்பான்மை, யூதக் குழந்தை ஒண்ணு கூட இல்லாம பல பத்தாண்டு ஆச்சு. ஹீப்ரு பாடம் நின்னு போச்சு, சொல்லித் தரவும் ஆள் இல்ல கேக்கவும் ஆள் இல்ல. பேரு நின்னுச்சு, பேட்ஜ் நின்னுச்சு, நிர்வாகத்துல யூதர் நின்னாங்க.

ஏன் முஸ்லிம் பொண்ணுங்க? இதுக்கு பெரிய தத்துவம் தேட வேண்டாம், மேப்ப எடுத்துப் பாருங்க. பார்க் ஸ்ட்ரீட்டோட அந்தப் பக்கம் மல்லிக் பஜார், எலியட் ரோடு, ரிப்பன் ஸ்ட்ரீட், கொஞ்சம் தள்ளினா பார்க் சர்க்கஸ். உ.பி, பீகார்லேந்து தலைமுறை தலைமுறையா வந்து தங்கின உருது பேசற குடும்பங்கள் நெறஞ்ச ஏரியா, தோல் வியாபாரம், பிரியாணிக் கடை, சின்னச் சின்ன பட்டறை. வீட்டுப் பொண்ணு இங்கிலீஷ் படிக்கணும், பொண்ணுங்க மட்டும் படிக்கற எடமா இருக்கணும், வீட்டுக்குப் பக்கத்துல இருக்கணும், மத விஷயத்துல ரொம்ப மூக்க நுழைக்கக் கூடாது. 1881ல யூத அப்பா அம்மா என்ன லிஸ்ட் வச்சிருந்தாங்களோ கிட்டத்தட்ட அதே லிஸ்ட்!

இன்னொரு பழைய விஷயம் இதோட சேத்து ஞாபகம் வந்துச்சு. 1911ல இதே கல்கத்தாவுல பேகம் ரோக்கேயா முஸ்லிம் பொண்ணுங்களுக்கு ஒரு ஸ்கூல் ஆரம்பிச்சாங்க, எட்டே எட்டு பொண்ணுங்களோட, சக்காவத் மெமோரியல்னு. பர்தா காரணமா பொண்ணுங்கள கூட்டிட்டு வர மூடின பஸ் வேணும், மொத பஸ்ஸ சின்னச் சந்தத் தவிர அப்படி மூடிட்டாங்க, உள்ள கும்மிருட்டு, காத்தே போதல, மொத நாளே பிள்ளைங்க அழுது, வாந்தி எடுத்துச்சுங்க. சரின்னு அத எடுத்துட்டு துணித் திரை போட்டா, காத்துல திரை பறந்து பொண்ணுங்க தெரியறாங்கன்னு கண்டிச்சு லெட்டர் வந்துச்சு. ரோக்கேயாவே எழுதி வச்சிருக்காங்க இத, சிரிச்சுக்கிட்டே எழுதியிருக்காங்க ஆனா படிக்கறப்ப சிரிப்பு வராது. அந்த ஊர்ல, அந்தச் சமூகத்துப் பொண்ணு இன்னிக்கு நட்சத்திர பேட்ஜ் குத்திட்டு புச்கா சாப்பிடுது.

வெளியில இருந்து பாக்கற நமக்கு யூதர், முஸ்லிம்னாலே டிவில வர்ற சண்டைதான் தெரியும், அதனால இது பெரிய அதிசயமாத் தெரியுது. கல்கத்தாவுல அப்படி இல்ல. இந்த யூதர் வீடுகள்ல சமையக்காரங்க பெரும்பாலும் முஸ்லிம்தான், ரெண்டு பேருக்குமே பன்னி ஆகாது, அறுக்கற முறையும் கிட்டத்தட்ட ஒண்ணு, அதனால வசதி. சினகாக்க கூட்டித் தொடச்சு வெளக்கேத்திக் காவல் காக்கறவங்களும் முஸ்லிம் குடும்பங்கள், ஒடிசாவுலேந்து வந்தவங்க, அப்பாவுக்கு அப்புறம் மகன்னு. உள்ள போறவங்களுக்கு தலையில தொப்பி எடுத்துக் குடுக்கறதும் அவங்கதான். நியூ மார்க்கெட்ல நஹூம்ஸ் பேக்கரி, 1902ல ஆரம்பிச்ச யூதர் கடை, கிறிஸ்துமஸ் ப்ளம் கேக்குக்கு விடியக்காலைலேந்து கியூ நிக்கும், கவுன்ட்டர்ல நின்னு வெட்டித் தர்றவங்களும் யூதர் இல்ல. யூதர் கடை கிறிஸ்தவன் பண்டிகைக்கு கேக் போட்டு இந்து, முஸ்லிம்னு எல்லாரும் கியூல நின்னு வாங்கறான். அந்த ஊர்ல இது செய்தியே கிடையாது.

அதுக்காக எல்லாம் தேனும் பாலும்னு சொல்லல. இஸ்ரேல், காசான்னு ஒவ்வொரு தடவை செய்தி சூடாகறப்பவும் இந்த மாதிரி பேரு வச்ச எடத்துக்கெல்லாம் போலீஸ் காவல் போடறது வழக்கம், கொல்கத்தா சினகாக் வாசல்லயும் நிக்கறாங்க, உள்ள போக அடையாள அட்டை கேக்கறாங்க. பேரு ஒரு சுமைதான். பேர மாத்திடலாமேன்னு சொல்றவங்க உண்டு, அந்தப் பேச்சு எனக்கு உடன்பாடில்ல. ட்ரஸ்ட் அவங்களோடது, காசு அவங்க முன்னோர் போட்டது, பேராவது இருக்கட்டுமே.

இங்கிலாந்துல பர்மிங்ஹாம்ல கிங் டேவிட்னு ஒரு பிரைமரி ஸ்கூல் இருக்கு, அங்கயும் பிள்ளைங்கள்ல முஸ்லிம்தான் அதிகம். ஆனா அவங்க யூதப் பாடத்த விடல. ஹீப்ரு சொல்லித் தராங்க, யூதப் பண்டிகை கொண்டாடறாங்க, சாப்பாடு கோஷர், அதாவது யூத மத விதிப்படி, முஸ்லிம் பெத்தவங்களும் அதுல சந்தோஷமா சேக்கறாங்க. அங்க அரசாங்கக் காசுல மதப் பள்ளியா நடக்க சட்டம் எடம் குடுக்குது, ஊர்ல சொல்லித் தர யூதரும் இருக்காங்க. பாம்பே மஜ்காவ்ல இருக்கற, 1875ல ஹயீம் சாமுவேல் கெஹிம்கர் பெனே இஸ்ரேல் பிள்ளைங்களுக்காக ஆரம்பிச்ச ஸ்கூல், பின்னாடி சர் எல்லி கதூரி பேர் வாங்கினது, அது கொல்கத்தா மாதிரிதான், யூதர் போயாச்சு, சுத்துப்பட்டு பிள்ளைங்க படிக்குது. கல்கத்தா எலியாஸ் மேயர் பையன்கள் ஸ்கூலும் அதே கதை. அந்தந்த ஊர்ல எத்தன பேர் மிச்சம் இருக்காங்கங்கறத வச்சுத்தான் பாடம் மிஞ்சுதா பேரு மட்டும் மிஞ்சுதான்னு முடிவாகுது.

இப்ப உள்ளுக்குள்ள இருக்கற நெஜமான சிக்கல் மதமே கிடையாது, ட்ரஸ்ட்தான். ரெண்டு ஸ்கூல், மூணு சினகாக், ஒரு கல்லறைத் தோட்டம். இத்தனைக்கும் சேத்து நிர்வாகம் பாக்க ஊர்ல இருக்கறது இருவது சொச்சம் பேரு, அதுல பெரும்பாலானவங்க வயசானவங்க. மாகென் டேவிட்டும் பெத் எல்லும் தொல்லியல் துறைப் பாதுகாப்புல இருக்கு, பழுது பாத்து 2017ல தொறந்தாங்க, அத யாராவது பாத்துக்குவாங்க. ஸ்கூல் அப்படி இல்ல, அது நெனவுச் சின்னம் கிடையாது, தெனம் காலைல மணி அடிக்கணும், சம்பளம் போடணும், பாத்ரூம் குழாய் ஒழுகினா ஆள் கூப்புடணும், பார்க் ஸ்ட்ரீட் நிலம் என்ன வெல போகுதுன்னு சொல்லவே வேண்டாம், அதுக்கு கண்ணு வைக்கறவன் கண்ணுலேந்து காப்பாத்தணும். கையெழுத்துப் போட அடுத்து யாருங்கறதுதான் கேள்வி. ட்ரஸ்ட்டி யூதரா இருக்கணுமா, பழைய மாணவிங்கள உள்ள கொண்டு வரலாமா. என்னக் கேட்டா பழைய மாணவிங்கதான் சரி, அந்தப் பேட்ஜ பத்து பன்னெண்டு வருஷம் குத்திட்டுத் திரிஞ்சவங்கள விட அந்த ஸ்கூல் மேல யாருக்கு உரிமை அதிகம்.

அன்னிக்கு புச்கா வண்டிகிட்ட அந்தக் குட்டி கறைய தேய்ச்சுத் தேய்ச்சு நட்சத்திரத்துல ஒரு முனை நூலே பிஞ்சு வந்துடுச்சு. பக்கத்துல இருந்த அக்கா உருதுல "விடு, அம்மா தைச்சுத் தருவாங்க"ன்னு சொல்லி கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிட்டா.